தலையாட்டாத முகம்

“மேடம், உங்க ஞாபகத்துல நான் இருக்கறனுங்களா?”

மார்கழி பிறந்துவிட்டால் கல்லூரி வராந்தா முழுக்க இதே கேள்விதான். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆசிரியர் அறை வாசலிலும் நின்று, சாமியாடியிடம் வாக்குக் கேட்கிறவர்களைப் போலக் குரலை இறக்கிக் கேட்பார்கள். பேராசிரியை வசுமதிக்கு இது பழகிப்போன கேள்வி. ஆனாலும் அன்றைக்குக் கேட்டவனை நிமிர்ந்து பார்த்ததும் யாரென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒல்லியான பையன். சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை திரும்பிக் கிடந்ததால் பெயரும் தெரியவில்லை.

“எந்த செக்‌ஷன்ப்பா?”

“ஃபைனல் இயர் மெக்கானிக்கல், பி செக்‌ஷனுங்க மேடம். ரெண்டாம் வருசம் ஃப்ளூயிட்ஸ் நீங்கதான் எடுத்தீங்க. மூணாம் வருசம் ஹீட் டிரான்ஸ்ஃபர். போன மாசம் முடிஞ்ச பேப்பரும் நீங்கதானுங்க.”

மூன்று வருடம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான். வசுமதி மனசுக்குள் அவசர அவசரமாகத் துழாவினாள். ஒரு குரல், ஒரு கேள்வி, ஒரு சேட்டை, எதுவுமே அகப்படவில்லை.

“இருக்கறனுங்களா மேடம்?”

வசுமதி தலையை ஆட்டினாள். “ஏன் இல்லாம? கோரிக்கையைப் போட்டு விடு. நான் உக்கார்றேன்.”

அவன் நன்றிகூடச் சொல்லவில்லை. ஏதோ தனக்கு முன்னாலேயே தெரிந்ததை இன்னொருத்தர் வாயால் கேட்டுக்கொண்டவன் போல லேசாக மூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டான். கணினியில் கோரிக்கை வந்து விழுந்த பிறகுதான் வசுமதிக்குப் பெயர் தெரிந்தது. சென்னியப்பன்.

“சார், சென்னியப்பன்னு ஒரு பையன். பி செக்‌ஷன். தெரியுதா?”

எதிர் மேசை திருமூர்த்தி, தயிர்சாத டப்பாவின் மூடியில் ஊறுகாயை ஓரங்கட்டிக் கொண்டிருந்தார். அந்தத் துறையிலேயே மூத்தவர். எதற்கும் அசராதவர்.

“சென்னிமலைப் பக்கம் பாதிப் பேருக்கு அதானுங்க பேரு. ஏன், என்ன பண்ணுனான்?”

“ஒண்ணுமே பண்ணல. அதான் சார் வம்பு.”

“சாட்சிக்கு உக்கார்றேன்னு சொல்லிப் போட்டீங்களா?”

“தலையை ஆட்டிட்டேன்.”

“அட, போங்க மேடம்!” திருமூர்த்தி ஊறுகாயை மறந்தே போனார். “சிபாரிசுக் கடுதாசிக் காலமா இது? அப்பெல்லாம் எவ்வளவு நிம்மதி. பையன் வந்து நிப்பான். ‘நீயே எழுதி எடுத்துட்டு வா கண்ணு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’னு அனுப்பிருவோம். அவனே அவனைப் புகழ்ந்து எழுதிட்டு வருவான். நான் என் சர்வீசுலயே பார்த்ததுல தலைசிறந்த மாணவன்னு ஒரே வருசத்துல ஆறு பேருக்குப் போட்டிருக்கறேன். அதுல ரெண்டு பேரு இரட்டைப் பிறவி. ஒரே யுனிவர்சிட்டிக்கு வேற!”

“அதனாலதான் யுனிவர்சிட்டிக்காரங்க கடுதாசியையே நிறுத்திட்டாங்க.”

“எங்களாலயா? போங்க. எல்லாக் கடுதாசியையும் கம்ப்யூட்டர் எழுத ஆரம்பிச்சுது பாருங்க, அன்னிக்கு நின்னுது. உலகம் பூரா ஒவ்வொரு பையனும் மேதை, ஒவ்வொரு பொண்ணும் ரத்தினம்னு வந்து குமிஞ்சா அவனும் என்னதான் பண்ணுவான்?”

அப்படித்தான் நினைவுச் சான்று வந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் மண்டைச் சாட்சி. பரிந்துரைக்கிற ஆசிரியர் இனி எதையும் எழுத வேண்டாம். ஒரு பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அந்த மாணவனைப் பற்றி அவர் மண்டைக்குள் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை அது எடுத்துக்கொள்ளும். அங்கே தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் தங்கள் தலையில் அதே மாதிரிப் பட்டையை மாட்டிக்கொண்டு, சற்று நேரம் அந்த ஆசிரியராகவே ஆகி அந்த மாணவனைப் பார்ப்பார்கள். பொய்க்கு அதில் இடமில்லை. முகத்துதிக்கும் இல்லை.

ஆனால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஞாபகத்தில் நிற்பதற்கென்றே கோயம்புத்தூரில் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. ஒருத்தி ஆய்வகத்தில் வேண்டுமென்றே கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டு அழகாக மன்னிப்புக் கேட்டாள். ஒருவன் வகுப்பில் சூத்திரங்களை ராகம் போட்டுப் பாடினான். இன்னொருவன் தினமும் காலையில் வராந்தாவில் திருமூர்த்தியின் காலில் விழுந்தான்.

“அவனுக்கு என்னாச்சு சார்?”

“என்னத்த ஆகும்? சாட்சியில பூரா என்னோட எரிச்சல்தான் போய் விழுந்துது. அங்க பார்த்தவங்களுக்கே முழங்கால் கூசியிருக்கும்.” திருமூர்த்தி டப்பாவை மூடினார். “உங்க பையனை ஒரு வாரம் கூடவே வெச்சுக்கங்க. காப்பி வாங்கிட்டு வரச் சொல்லுங்க, பேப்பர் கட்டைத் தூக்கச் சொல்லுங்க. ஞாபகம் தன்னால ஊறும்.”

“கோரிக்கை போட்ட தேதிக்கு அப்புறம் பார்த்த எதையும் அது எடுக்காது சார்.”

“அப்படியா? விவரமாத்தான் பண்ணியிருக்கானுங்க.” அவர் கையைக் கழுவப் போனவர் வாசலில் நின்று திரும்பினார். “மேடம், முடியாதுன்னு இப்பவே சொல்லிப் போடுங்க. வெள்ளையா வந்துட்டா அந்தப் பையன் எங்கயும் போக முடியாது. அப்புறம் உங்க மனசு கேக்காது.”

அதுதான் சங்கதி. மூன்று சாட்சிகள் வேண்டும். மூன்றில் ஒன்று வெறுமையாகப் போனாலும் விண்ணப்பம் கழிந்துவிடும். வசுமதி மறுநாள் அவனைக் கூப்பிட்டு வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவனுடைய மற்ற இரண்டு சாட்சிகள் யாரென்று பார்த்தாள். ஒருவர் விடுதிக் காப்பாளர். இன்னொருவர் பணிமனையில் கடைசல் இயந்திரம் சொல்லித் தருகிற ஆசிரியர். பாடம் நடத்தியவர்களில் அவன் கேட்டது இவளை மட்டும்தான். இருக்கிற இத்தனை பேரில் தன்னை ஏன் கேட்டான் என்பது அவளுக்குப் புரியவேயில்லை. அந்தப் புரியாமைதான் கடைசியில் அவளைச் சாட்சி அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சாட்சி அறை நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு திரை, சுவரில் தண்ணீர்க் குழாயின் ஈரத்தடம். ரெஜினா என்கிற பெண் அதைப் பார்த்துக்கொண்டாள். பல் டாக்டரிடம் இருக்கிற நர்சுகளைப் போல, பயந்து வருகிறவர்களிடம் அன்பும் அதட்டலும் கலந்து பேசத் தெரிந்தவள்.

“செருப்பை அங்க விட்டுருங்க மேடம். நல்லா சாஞ்சுக்கங்க. போட்டோவைப் பாருங்க, பேரை ஒரு தடவை சொல்லுங்க, அவ்வளவுதான். நீங்களா எதையும் நினைச்சுப் பார்க்காதீங்க. கலங்கிடும்.”

“ஒண்ணுமே இல்லைன்னா, ரெஜினா?”

“வெள்ளையா வரும்.” ரெஜினா பட்டையைத் துணியால் துடைத்தாள். “போன வாரம் ஒரு சாருக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. சார் பின்வாசல் வழியாப் போயிட்டார். நான்தான் போய்ச் சொன்னேன். நாலு வருசம் மொத பெஞ்சு மேடம் அது. அழக்கூட இல்லை. ‘அப்ப நான் எங்க இருந்தேங்க்கா’ன்னு கேட்டா.”

வசுமதி வாசல் பக்கம் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது.

“அந்தப் பையன் வரலையா?”

“நானும் கேட்டேன். மேடம் உக்கார்றப்ப நான் எதுக்குங்கன்னு ப்ராஜெக்ட் வேலைக்குப் போயிட்டான். தைரியந்தான்.”

பட்டை நெற்றியில் படிந்தது. சில்லென்று இருந்தது. வசுமதி போட்டோவைப் பார்த்து, “சென்னியப்பன்,” என்றாள்.

வெள்ளை.

எதிர்பார்த்ததுதான். பனி மூட்டம் மாதிரி எங்கும் வெள்ளை. வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள். பாவம் அந்தப் பையன் என்று ஒரு நினைப்பு ஓடியது.

அப்புறம் சாக்பீஸ் சத்தம் கேட்டது.

கரும்பலகையில் சாக்பீஸ் கீறுகிற சத்தம். பிறகு ஒரு குரல். யாருடைய குரல் இது, இவ்வளவு அவசரமாக, இவ்வளவு வறட்சியாக? தன் குரல்தான் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று. ரெண்டாம் வருடம், மத்தியான வகுப்பு. புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்துக்கொண்டு போகிறாள். பலகையிலிருந்து திரும்புகிறாள். “புரிஞ்சுதா?”

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. நெல்வயலில் காற்று புகுந்த மாதிரி ஒரே அசைவு. அந்த முகங்களில் ஒன்றுக்குக்கூட மூக்கும் விழியும் இல்லை, எல்லாம் கலங்கல். ஆனால் மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி, ஒரு முகம் மட்டும் கல்லில் செதுக்கியது போலத் துல்லியமாக இருந்தது. புருவங்களுக்கு நடுவே ஒரு சின்ன மடிப்பு. அந்த முகம் ஆடவில்லை.

வசுமதிக்குத் தன் நெஞ்சுக்குள் என்னவோ இழுபடுவது தெரிந்தது. இந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிற நெஞ்சில் அல்ல. அன்றைக்கு அங்கே நின்றவளின் நெஞ்சில். செருப்பில் கல் மாட்டியது போல ஓர் உறுத்தல். பலகையைத் துடைக்கிறாள். “சரி, வேற மாதிரி சொல்றேன்.”

வகுப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. மழைநாள் வகுப்பு, கரண்ட் போன வகுப்பு, தேர்வுக்கு முந்தின வகுப்பு. ஒவ்வொன்றிலும் அவள் திரும்புகிறாள், கேட்கிறாள், வயல் முழுக்கத் தலையாட்டுகிறது, தூணோரம் அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. “சரி, வேற மாதிரி சொல்றேன்.” கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் கூட்டம் எப்படி நெருக்கியடித்து உள்ளே நுழையும் என்று சொல்லி அழுத்தத்தை விளக்குகிறாள். மடிப்பு பாதி தளர்கிறது. கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவன் நகராமல் நிற்க, நடுவில் இருப்பவன் வழுக்கிக்கொண்டு போவதைச் சொல்கிறாள். சுவரைத் தொட்ட தண்ணீர் நிற்கும், நடுத் தண்ணீர் ஓடும். மடிப்பு விரிகிறது. மூடுபனி விலகி மலை தெரிகிற மாதிரி அந்த முகம் தெளிகிறது. அப்போதுதான், அதற்கப்புறம்தான், அவள் அடுத்த பாடத்துக்குப் போகிறாள்.

ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூன்று வருடமும் அவள் நடத்தியது அந்த ஒரு முகத்துக்கு. அவள் அறியாமல், அவள் கண் தானாகப் போய் அந்தத் தூணோரம் நின்று, அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது. பந்தி உதாரணம், பஸ் உதாரணம், தோசைக்கல் உதாரணம் என்று கல்லூரியே மெச்சிய அவளுடைய உதாரணங்கள் ஒவ்வொன்றும் அந்த மடிப்புக்கு எதிரே நின்று தவித்த தவிப்பில் பிறந்தவை.

நடுநடுவே வேறு காட்சிகளும் வந்தன. வராந்தாவில் அவன் எதிரே வருகிறான். அவள் அவனைத் தாண்டிப் போகிறாள், கண்ணில் எந்த அடையாளமும் இல்லாமல். கேன்டீன் வரிசையில் அவன் ஒதுங்கி வழிவிடுகிறான். அவள் போனில் பேசிக்கொண்டே போகிறாள். வகுப்புக்குள் விளக்குப் போல நின்ற முகம் வாசலைத் தாண்டியதும் அணைந்து போயிருந்தது.

கடைசியாகப் போன மாதத்து வகுப்பு. அவள் மொத்தப் பாடத்தையும் தொகுத்துச் சொல்கிறாள். சுவரைத் தொட்ட தண்ணீர் நகராது, எல்லாக் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது என்கிறாள். திரும்புகிறாள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தூணோரம் மடிப்பு விழுகிறது, முன்னெப்போதையும்விட ஆழமாக. அவள் சாக்பீஸை எடுக்கிறாள். மணி அடிக்கிறது. புத்தகத்தை அள்ளிக்கொண்டு வெளியேறுகிறாள். முகம் தெளியவில்லை.

அத்தோடு முடிந்தது.

“மேடம்... மேடம், தண்ணி குடிங்க.” ரெஜினா பட்டையைக் கழற்றியிருந்தாள். “ஒரு காப்பி குடிக்கற நேரந்தான் வழக்கமா ஓடும். உங்களுக்கு நிக்கவே இல்லை. இப்படி ஒரு பையனைத் தெரியாதுன்னா சொன்னீங்க?”

“தெரியாதும்மா,” என்றாள் வசுமதி. டம்ளரை வாங்கியவளுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. தன் மண்டைக்குள், தனக்குத் தெரியாத ஓர் அறையில், யாரோ இத்தனை வருடமாக விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். என்ன பொருள் இந்த மனுசக் கண்? எதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, வைத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் இருக்கிறது?

“இதுல வெட்டவோ ஒட்டவோ முடியாது மேடம். அனுப்பலாம், இல்லைன்னா அழிக்கலாம். ரெண்டே பொத்தான். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு.”

திருமூர்த்தி முழுவதையும் கேட்டுவிட்டு, சாப்பிட எடுத்த டப்பாவைத் திறக்காமலே தள்ளி வைத்தார். அவருக்கு அது புதுசு.

“அதிசயந்தானுங்க,” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அங்க உக்காந்து பாக்கறவன் என்ன நினைப்பான்? எல்லாப் பசங்களுக்கும் புரியுது, இவன் ஒருத்தனுக்குப் புரியலை. மறுபடி சொல்றீங்க. மறுபடியும் புரியலை. மூணு வருசம் இதே கதை. மக்குப் பையன்னு தூக்கிப் போட்ருவான்.”

“மக்கு இல்ல சார் அவன்.”

“உங்களுக்குத் தெரியுது. அவனுக்கு?” அவர் வசுமதியின் மேசை மேல் இருந்த கேடயத்தைக் காட்டினார். சிறந்த ஆசிரியர் என்று பொன்னெழுத்தில் போட்டது. “அப்புறம் இதையும் யோசிங்க. வெளிய போற சாட்சியை எல்லாம் நம்ம பிரின்சிபால் ஒரு தடவை மாட்டிப் பாத்துத்தான் விடறாரு. மேடம் மொதத் தடவை நடத்தற பாடம் எப்படி வறட்டுத்தனமா இருக்கும்னு அவருக்குத் தெரிஞ்சு போகும். பையன் பேரே உங்களுக்குத் தெரியாதுன்னும் தெரிஞ்சு போகும்.”

வசுமதி கேடயத்தைப் பார்த்தாள். அதன் பளபளப்பில் அவளுடைய முகம் கோணலாகத் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் பி செக்‌ஷன் வகுப்பறைக்குப் போனாள். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். தூணோரத்தில் அவன் மட்டும் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

“உக்காருப்பா. சாப்பிடு.”

அவன் உட்காரவில்லை. டப்பாவை மட்டும் மூடினான்.

“சென்னியப்பா, நீ ஏன் என்னைக் கேட்டே? உனக்கு நல்லா மார்க் போட்ட சார் எத்தனை பேர் இருக்காங்க.”

“அவங்க யாருக்கும் என்னைத் தெரியாதுங்க மேடம்.”

“எனக்குத் தெரியும்னு நினைச்சியா?”

அவன் சிரித்தான். வேடிக்கையான கேள்வியைக் கேட்டவளிடம் மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. “நாம மூணு வருசமாப் பேசிட்டுத்தானே இருக்கறோமுங்க மேடம்.”

வசுமதிக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பட்டையின் குளிர்ச்சி இன்னும் நெற்றியில் இருந்தது.

“உன் பேரே எனக்கு முந்தாநாள்தாம்ப்பா தெரியும். நீ வந்து கேட்டப்ப உன் முகமும் எனக்கு ஞாபகத்துல இல்லை. சும்மா தலையை ஆட்டிட்டேன்.”

அவன் முகத்தில் அந்த மடிப்பு விழுந்தது. வசுமதி அதைப் பார்த்தாள், இந்தத் தடவை பார்க்கிறோம் என்று தெரிந்தே பார்த்தாள். அவன் டப்பாவின் மூடியைத் திருகினான், தளர்த்தினான், மறுபடி திருகினான்.

“அப்ப... யாருக்குங்க அத்தனை தடவை திருப்பித் திருப்பிச் சொன்னீங்க?”

“உனக்குத்தான்.”

“தெரியாதுங்கறீங்க.”

“எனக்குத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. நேத்து உக்காந்தப்பதான் நானே பார்த்தேன். உன் முகம் தெளியற வரைக்கும் நான் நகரவே இல்லை.”

அவன் இதை யோசித்தான். எதையும் உடனே ஏற்றுக்கொள்ளாமல் அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்து யோசிக்கிறவன் என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. வெளியே யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பிறகு மடிப்பு பாதி தளர்ந்தது, முழுக்க அல்ல.

“கொஞ்சம் வருத்தமாத்தானுங்க இருக்குது மேடம்.”

“இருக்கும்.”

“ஆனா பொய் இல்லைங்களே?”

“பொய் இல்லை.” வசுமதி பெஞ்சு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஏன்ப்பா மத்தவங்க மாதிரி தலையாட்டிட்டுப் போகலை? எல்லாரும்தான் ஆட்டுறாங்க. சீக்கிரம் விட்டா சாப்பிடப் போகலாமே.”

“எனக்கு வராதுங்க. புரியாம ஆட்டுனா கழுத்து வலிக்குமுங்க,” என்றான், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. அவன் விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று வசுமதிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

“இதை அனுப்பினா உன்னை மக்குன்னு நினைச்சாலும் நினைப்பாங்க. அழிச்சிட்டு வேற யாரையாவது பிடிச்சுக்கிறியா? இன்னும் ஆள் மாத்த நேரம் இருக்கு.”

“அதுல இருக்கறது நான்தானுங்களா?”

“நீதான். சந்தேகமே வேண்டாம்.”

“அப்ப அனுப்பிருங்க மேடம். பாடம் எடுத்தவங்கள்ல வேற யாரு தலைக்குள்ளயும் நான் இல்லைங்க.”

அன்று சாயங்காலம் ரெஜினா கேள்வி எதுவும் கேட்கவில்லை. வசுமதி பொத்தானை அழுத்தியதும், “பிரின்சிபால் பார்ப்பாரே மேடம்,” என்று மட்டும் சொன்னாள். “பார்க்கட்டும்,” என்றாள் வசுமதி. பிரின்சிபால் பார்த்தார். வரவழைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வருடக் கேடயம் வேறு துறைக்குப் போயிற்று. திருமூர்த்தி ஒரு வாரம் வரை பிரின்சிபாலுக்கு வணக்கம் வைக்காமல் தன் எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டார். அது பிரின்சிபாலுக்குத் தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

மாசி போயிற்று. பதில்கள் வரத் தொடங்கின. குடுவையை உடைத்த பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவள் நிஜமாகவே கெட்டிக்காரி. ராகம் பாடியவனுக்குக் கிடைக்கவில்லை. சென்னியப்பனுக்கு ஒரு பதிலும் இல்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டபோதெல்லாம் வசுமதி நின்றாள், “என்னாச்சுப்பா?” என்று கேட்டாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

“நான் அன்னிக்கே சொன்னனுங்க,” என்றார் திருமூர்த்தி. சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலையில் பதில் வந்தது. அவனுக்கு மட்டுமல்ல, சாட்சி உட்கார்ந்தவள் என்கிற முறையில் வசுமதிக்கும் தனியாக ஒன்று. அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

“என்னங்க மேடம், என்ன போட்டிருக்கான்?”

“எடுத்துக்கிட்டாங்க சார்.”

“அடி சக்கை! அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்கறீங்க?”

“கேளுங்க.” வசுமதி வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். “இந்த வருடம் நாங்கள் மாட்டிப் பார்த்த நினைவுகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்த ஒன்றில்தான் ஆடாத முகத்தைப் பார்த்தோம். பார்த்த பிறகு எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் வகுப்பில் திரும்பி நின்று அப்படி ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பதில் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசி வகுப்பில் மணி அடித்தபோது அந்த முகம் தெளியவில்லை. எது புரியவில்லை என்று நாங்கள் எங்களுக்குள்ளேயே பேசிப் பேசிப் பார்த்தோம், பிடிபடவில்லை. தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு அவனுக்கு எது புரியவில்லை?”

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “நீங்க கேக்கவே இல்லைங்களா?”

“கேக்கலை சார்,” என்றாள் வசுமதி. அவள் ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

அவன் தண்ணீர் ஆய்வகத்தில் இருந்தான். இருபுறமும் கண்ணாடி வைத்த நீளமான தொட்டி ஒன்று அங்கே உண்டு; தண்ணீர் ஓடுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதற்கு. மோட்டார் நின்றிருந்தது. அவன் கையில் அவனுக்கு வந்த பதில் இருந்தது, இன்னும் நம்பாதவன் போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மேடம், கெடைச்சிருச்சுங்க.”

“தெரியும். சென்னியப்பா, கடைசிக் கிளாஸ்ல மணி அடிச்சுது. உனக்கு எது புரியலை அன்னிக்கு?”

அவன் ஆச்சரியப்படவில்லை. கேட்பதற்கு ஏன் இவ்வளவு நாள் என்பது போலத்தான் பார்த்தான்.

“சுவத்தைத் தொட்ட தண்ணி நகராதுன்னீங்க. சரிங்க. ஓடிட்டிருக்கற குழாய்க்கு அது சரியாத்தான் வருதுங்க. ஆனா வாய்க்கால்ல தண்ணி தொறந்து விடற அன்னிக்கு நீங்க பாத்திருக்கறீங்களா மேடம்? காஞ்சு கெடக்கற மண்ணுல தண்ணியோட மூக்கு வருமுங்க, சருகைத் தள்ளிக்கிட்டு. அந்த மூக்கு நுனி காஞ்ச மண்ணைத் தொடுதில்லைங்களா? தொட்டா நிக்கோணும். நின்னா எப்படிங்க முன்னால வருது?”

“மேல இருக்கற தண்ணி உருண்டு வந்து கீழ விழும்ப்பா. புதுசு புதுசா.”

“அப்படித்தானுங்க நானும் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம் அந்த நுனி ஓரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஓரத்துக்குக் கிட்டக் கிட்டப் போகப் போக இழுக்கத் தேவையான விசை ஏறிக்கிட்டே போகுதுங்க, முடிவே இல்லாம. நம்ம பாடத்துல இருக்கற கணக்குப்படி காஞ்ச எடத்துல தண்ணி ஓடவே முடியாதுங்க மேடம். மழைத்துளி ஜன்னல்ல வழிய முடியாது. கண்ணீர் கன்னத்துல எறங்க முடியாது.” அவன் தொட்டித் தண்ணீரில் கையை நனைத்துக் கண்ணாடி மேல் உதறினான். ஒரு துளி ஒட்டி நின்று, யோசித்து, மெல்ல இறங்கத் தொடங்கியது. “ஆனா வழியுதுங்களே.”

வசுமதி குனிந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பார்த்த துளி. குளியலறையில், பஸ் ஜன்னலில், மழைக்காலத்தில் சமையலறைக் கண்ணாடியில். இத்தனை வருடம் அவள் நடத்திய பாடத்தின் முதல் வரியை மீறிக்கொண்டு, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், அது பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் உடம்பு சிலிர்த்தது. தன் தலைக்குள் இருந்த அறையைப் பார்த்த அன்றைக்குச் சிலிர்த்த அதே மாதிரி. தலைக்கு உள்ளே அத்தனை இருக்கிறது, வெளியே ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இத்தனை இருக்கிறது. இரண்டையும் அவள் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள், போனில் பேசிக்கொண்டே.

அவன் சுவரிலிருந்த சின்னப் பலகையில் கணக்கைப் போட ஆரம்பித்தான். நிதானமாக, வரிக்கு வரி நிறுத்தி. துளியின் ஓரம், அதன் கோணம், அங்கே ஏறிக்கொண்டே போகிற எண்கள். முடித்துவிட்டுச் சாக்பீஸை வைத்தான். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினான்.

“புரிஞ்சுதுங்களா மேடம்?”

பழக்கம் பொல்லாதது. வசுமதியின் கழுத்து அசையப் போயிற்று. இருபத்தைந்து வருடம் கூட்டங்களில், நேர்முகங்களில், பெரியவர்கள் முன்னால் ஆட்டி ஆட்டித் தேய்ந்த கழுத்து. பாதியில் அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடியில் துளி இறங்கிக்கொண்டே இருந்தது. தன் புருவங்களுக்கு நடுவே ஒரு மடிப்பு விழுவதை அவள் உணர்ந்தாள். அதைச் சரிசெய்யாமல், அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பன் அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு திரும்பி, பலகையை உள்ளங்கையால் முழுக்கத் துடைத்தான்.

“சரிங்க மேடம்,” என்றான் சாக்பீஸை எடுத்துக்கொண்டே, “வேற மாதிரி சொல்றனுங்க.”